சைபருக்கு முன்னால் நிற்கும் கோடு

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் மூவரும் சுகம். மூவரில் இருவர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பூரண சுகம். அங்கே தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்கள் ரோஜாக்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் கூப்பிட்டால் தாங்கள் போனை எடுப்பதில்லை என்பதால் நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியும் இல்லை. எழுதி அனுப்பலாமே என்று யோசனை சொன்னது தங்கள் தங்கைதான். கூடவே ஓர் எச்சரிக்கையும் கொடுத்தாள். "எங்கண்ணன் எதையும் கடைசிப் பக்கத்துலேருந்துதான் படிக்க ஆரம்பிப்பார். முக்கியமானத கடைசியில வைங்க." நான் வேலை பார்த்த காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்தவன், எதையும் கீழ்த்தளத்திலிருந்து தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். அதனால் முதலிலிருந்தே வருகிறேன். தங்கள் பூ வேன் டிரைவர் எங்கள் தெருக் கடைக்குப் பூ இறக்க வந்திருக்கிறார். இறக்கி முடித்ததும் மாடிக்கு வந்து இதை வாங்கிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் முடித்துவிடுவேன்.

தங்கள் குளிர் கிடங்கைப் பற்றித் தங்களுக்கே சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான், இருந்தாலும் கோர்வையாக இருக்கட்டும் என்று சொல்கிறேன். மூன்று அறைகள். ஒவ்வோர் அறை வாசலிலும் எத்தனை டிகிரி என்று சிவப்பு எண்களில் காட்டும் ஒரு போர்டு, போர்டுக்கு மேலே ஒரு பல்பு. சைபருக்குக் கீழே போனால் பூ உறைந்து இதழெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஆகவே கீழே போனதும் பல்பு எரியவேண்டும். குளிரூட்டுகிற இயந்திரம் தனி, அது தன் பாட்டுக்கு ஓடும். அளந்து காட்டுவதும் எச்சரிப்பதும் மட்டும்தான் என் மகள் எழுதிய ப்ரோகிராமின் வேலை. ஆபீஸ் உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியவள் செய்து கொடுத்த முதல் வேலை அது. சொந்த மாமாவே அதைக் கழற்றி எறிந்தார் என்று வெளியே தெரிந்தால் இரண்டாவது வேலையை அவளுக்கு யார் கொடுப்பார்கள்? அந்தக் கவலையில்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் உண்மையை ஒளிப்பானேன், விஷயமே எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது என்பதும் ஒரு காரணம்.

ஹோட்டலுக்குப் பூ வாங்க வரும் கண்ணாடிக்காரர் அன்றைக்கு மூன்றாம் அறை வாசலில் நின்று போர்டையும் பல்பையும் மாறி மாறிப் பார்த்தாரே, அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. போர்டில் -0.0 என்று இருக்கிறது. பல்பு எரியவில்லை. "போர்டு மைனஸ்ங்குது, பல்பு இல்லங்குது. நான் எதை நம்பறது?" என்று அவர் கேட்டதும் தாங்கள் திகைத்துப்போய் என் மகளுக்குப் போன் செய்தீர்கள். அவளும் கொஞ்சம் பதமாகப் பேசியிருக்கலாம். "ரெண்டும் சரிதான் மாமா" என்று அவள் சொன்னதில்தான் தங்களுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. சைபருக்கு முன்னால் கோடு போடுகிற ப்ரோகிராமும் வேண்டாம், அதை எழுதினவளும் கிடங்குப் பக்கம் வரவேண்டாம், கோடு போன பிறகு வரட்டும், போகாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டீர்கள். காவலாளியிடமும் அப்படியே சொல்லி வைத்தீர்கள். தங்கள் தங்கை தங்கள் கட்சி. "எங்கண்ணன் என்ன தப்பா கேட்டுட்டார்? சைபர்னா ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லாததுல எப்படிக் குறையும்?" என்று அவள் கேட்க, மகள் எழுந்து போக, அன்றிலிருந்து உப்பு வேண்டுமென்றால்கூட என் மூலமாகத்தான் கேட்டுக்கொள்கிறார்கள். நான் லிஃப்ட் மாதிரி இரண்டு மாடிக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கும் முதலில் தங்கள் தங்கையின் கேள்விதான். ஒன்றுமில்லாததற்கு எதற்குக் குறி? மகளிடம் கேட்டேன். சென்சார் பெட்டி கடையில் வாங்கியது, அது அளந்ததை அப்படியே தராது, புள்ளிக்கு அப்புறம் ஓர் இலக்கத்தோடு முழுமையாக்கித்தான் தரும் என்றாள். அதாவது அறை சைபருக்கு மயிரிழை கீழே இருந்தால், உதாரணமாக மைனஸ் புள்ளி சைபர் நாலு, அதைச் சுருக்கினால் சைபர்தான். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து சைபருக்கு வந்தோம் என்பதை அந்த எண் மறப்பதில்லை, கோட்டை வைத்துக்கொள்கிறது. இதைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது, காரணம் இது எங்கள் தொழிலில் உள்ள சங்கதி. லிஃப்ட் தரைத்தளத்தில் நிற்கும்போது போர்டில் சைபர் தெரியும், பக்கத்தில் ஓர் அம்பு தெரியும். பேஸ்மென்ட்டிலிருந்து ஏறி வந்த சைபரா, மாடியிலிருந்து இறங்கி வந்த சைபரா என்று அம்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்றாம் அறையின் சைபர் பேஸ்மென்ட்டிலிருந்து வந்த சைபர். "அந்தக் கோடு பொய் சொல்லலப்பா. ரூம் கொஞ்சம் கொஞ்சமா கீழ நழுவுது. கோட்ட அழிக்கிறது ஒரு நிமிஷ வேலை. ஆனா அத அழிக்கக் கூடாது, கோடு இருந்தா பல்பு எரியணும்" என்றாள் மகள்.

அப்படியானால் பல்பு ஏன் எரியவில்லை? அங்கேதான் வேடிக்கை. இந்த எண் சைபரைவிடச் சிறியதா என்று அவள் ப்ரோகிராம் கேட்கிறது. மெஷினுக்கோ கோடு போட்ட சைபரும் கோடு போடாத சைபரும் சமம். சமமானது எப்படிச் சிறியதாகும், இல்லை என்று பதில் சொல்லிவிட்டுப் பல்பை அணைத்துவிடுகிறது. சமம் என்று நினைக்கிற அதே மெஷின்தான் எழுதும்போது மட்டும் கோடு போட்டு எழுதுகிறது. ஒரே ஆள் வாயால் ஒன்றும் கையால் ஒன்றும் சொல்வதை வீட்டில் பார்த்திருக்கிறேன், மெஷினில் இப்போதுதான் பார்க்கிறேன். சைபருக்கே பல்பு எரியவைத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். முதல் அறை நாள் முழுக்க நிஜமான சைபரில்தான் நிற்கிறது, அது தப்பில்லை, அதற்கும் பல்பு எரிந்தால் நாள் முழுக்க எரியும், எப்போதும் எரிகிற பல்பை யாரும் மதிக்கமாட்டார்கள் என்றாள். இந்தக் கடைசி வார்த்தையைத் தாங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே எண்ணுக்கு மைனஸ் குறி இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. இதற்குப் போய் எங்கள் சாப்பாட்டு மேசை தொழிற்சாலையானது. தங்கள் மூன்று அறைகளில் ப்ரோகிராமை ஓட்ட மூன்று விதமான மெஷின்கள் இருப்பதால் மேசையிலும் அதே மூன்று ரகத்தில் பச்சை நிற சர்க்யூட் அட்டைகள். முதல் அறையினுடையது ரொம்பப் பழசு. இரண்டாம் அறையினுடையது புத்தம் புதுசு. மூன்றாம் அறையினுடையது வேறு ஏதோ தொழிற்சாலை கழித்துவிட்டதைத் தாங்கள் வாங்கிப் போட்டது. மூன்றிலும் ஒரே ப்ரோகிராம் ஓர் எழுத்து மாறாமல் ஓடவேண்டும் என்பது மகளின் பிடிவாதம். அறைக்கு ஒரு ப்ரோகிராம் எழுதினால் நாளைக்கு ஒன்றைத் திருத்தும்போது மற்ற இரண்டை மறந்துவிடுவோம் என்கிறாள். ப்ரோகிராம் எழுதிய மொழிக்குப் பெயர் சி. சி என்ற ஓர் எழுத்துதான் முழுப் பெயரும். அதற்கு ஒரு சட்டப் புத்தகம் இருக்கிறதாம், தடிமனாக. எந்தச் சந்தேகத்தைக் கேட்டாலும் பாதிக்கு அந்தப் புத்தகம் சொல்லும் பதில், அது அந்தந்த மெஷினின் இஷ்டம் என்பதுதானாம். இந்தப் புத்தகத்தை எழுதினவர்கள் நம் சொந்தக்காரர்களாக இருக்கலாம்.

எனக்குக் கொடுத்த இலாகா ஐஸ். கண்ணாடி டம்ளரில் ஐஸ் உடைத்துப் போட்டு, உப்பைத் தூவி, சென்சாரை அதில் விட்டு, சைபருக்கு மயிரிழை கீழே நிறுத்திவைக்க வேண்டும். ஒரு சிட்டிகை உப்பு கூடிப்போனால் மளமளவென்று இறங்கிவிடும், ஐஸ் கரைந்தால் ஏறிவிடும். உப்பு தீர்ந்து சமையலறைப் பக்கம் போனபோதெல்லாம் தங்கள் தங்கை என்னைப் பார்த்த பார்வையில் தண்ணீர் தானாகவே உறைந்திருக்கும். ஒருநாள் டம்ளரை நகர்த்தும்போது வயரைப் பிடுங்கிவிட்டேன். போர்டில் எண்ணே வரவில்லை, ஏதோ எழுத்து வந்தது. கணக்கில் வந்த விடை எண்ணே இல்லை என்பதைச் சொல்ல மெஷின் வைத்திருக்கும் ஓர் அடையாளம் அது என்றாள் மகள். பாருங்கள், அதற்கு முன்னாலும் ஒரு மைனஸ் கோடு. எண்ணே இல்லை, ஆனால் குறி உண்டு. அது சைபரைவிடச் சிறியதா என்று கேட்டால் இல்லை என்கிறது, பெரியதா என்றால் இல்லை, சமமா என்றாலும் இல்லை, நீ உனக்காவது சமமா என்று கேட்டால் அதற்கும் இல்லை என்கிறது. நான் ஆச்சரியப்பட்டு இதைத் தங்கள் தங்கையிடம் போய்ச் சொன்னேன். தன் அண்ணனையே சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கு எனக்குக் காபி கொடுக்கவில்லை.

கோட்டைக் கண்டுபிடிக்க முதலில் மகள் செய்தது, எண்ணை எழுத்தாக எழுதச் சொல்லி முதல் எழுத்து கோடாக இருக்கிறதா என்று பார்ப்பது. எனக்கு இது மிகவும் நியாயமாகப் பட்டது. இரண்டாம் அறை அட்டையில் கச்சிதமாக வேலை செய்தது. முதல் அறையின் பழைய அட்டையோ சைபருக்குக் கோடு போட்டு எழுதுவதே இல்லை. அதற்கு அந்த வழக்கமே இல்லையாம். உள்ளே குறி இருக்கிறது, வெளியே எழுதும்போது மறைத்துவிடுகிறது. அந்தக் காலத்து ஆள்.

அடுத்தது என் யோசனை. இங்கே தாங்கள் கோபித்துக்கொள்ளாமல் படிக்கவேண்டும். ஒன்றைச் சைபரால் வகுத்தால் எல்லையில்லாத பெரிய எண் வருமாம். கோடு போட்ட சைபரால் வகுத்தால் மைனஸ் பக்கத்தில் எல்லையில்லாமல் போகுமாம். அது சைபரைவிடச் சிறியதா என்று கேட்டால் மெஷின் யோசிக்காமல் ஆமாம் என்று சொல்லிவிடும். இதை எங்கோ படித்துவிட்டு மகளிடம் சொன்னேன். புது அட்டையில் போட்டுப் பார்த்தோம், பிரமாதமாக வந்தது. சைபரால் வகுக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் என் காதைத் திருகிச் சொன்னார்கள். இங்கே மெஷின் வகுத்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறது. "பழைய அட்டையில இன்னும் போட்டுப் பாக்கல, இருங்கப்பா" என்று மகள் சொன்னாள். நான் இருக்கவில்லை. பென் டிரைவை எடுத்துக்கொண்டு நேரே கிடங்குக்கு வந்து, அவள் முன்பு சொல்லிக் கொடுத்திருந்தபடி மூன்று அறையிலும் நானே ஏற்றிவிட்டேன். அதன் பிறகு நடந்ததைத் தாங்கள் நேரில் பார்த்தீர்கள். முதல் அறை சைபரிலேயே நிற்கிற அறை. அதன் மெஷின் சைபரால் வகுக்கப் போய் அப்படியே விழுந்துவிட்டது. விழுந்தால் அது தானாக எழுந்திருக்கும், எழுந்ததும் பல்பு சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை எரியவைத்துப் பார்க்கும், பிறகு மறுபடி வகுக்கும், மறுபடி விழும். பல்பு எரிந்து எரிந்து அணைந்ததைப் பார்த்துத் தங்கள் ஆட்கள் அறை உறைகிறது என்று நினைத்து ரோஜா வாளிகளையெல்லாம் வெளியே வெயிலில் கொண்டுவந்து வைக்க, தாங்கள் என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை இங்கே எழுதவேண்டாம் என்று விட்டுவிடுகிறேன். அன்றைக்குத்தான் தாங்கள் என் போனை எடுப்பதை நிறுத்தினீர்கள்.

மூன்றாவதாக மகள் எண்ணின் வயிற்றுக்குள்ளேயே கையை விட்டாள். இந்த மாதிரிப் புள்ளி வைத்த எண்களை மெஷின் உள்ளே வரிசையாக ஒன்றும் சைபருமாக எழுதி வைத்திருக்கிறது. அந்த வரிசையில் முதல் இடம் குறிக்கென்றே ஒதுக்கியது. அங்கே ஒன்று இருந்தால் மைனஸ், இல்லாவிட்டால் இல்லை. நேரே போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. இதையும் டிரைவர் கையில் கொடுத்தனுப்பினோம். ஒன்றாம் அறை ஒழுங்காக இருந்தது, இரண்டாம் அறை ஒழுங்காக இருந்தது, மூன்றாம் அறைக்குப் பேய் பிடித்துவிட்டது. 0.3 காட்டும்போது பல்பு எரிந்தது, 0.5-க்கு அணைந்தது, 0.1-க்கு மறுபடி எரிந்தது. காரணத்தைக் கேளுங்கள். சில மெஷின்கள் எண்ணைத் தலையிலிருந்து எழுதி வைக்கின்றன, சில மெஷின்கள் வாலிலிருந்து எழுதி வைக்கின்றன. தாங்கள் வாங்கிப் போட்ட மெஷின் மற்ற இரண்டுக்கும் நேர் எதிர். நாங்கள் தலை என்று நினைத்து அதன் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எப்படி எழுதவேண்டும் என்று சட்டப் புத்தகம் என்ன சொல்கிறது என்று கேட்டேன். "அது மெஷினோட இஷ்டம்ப்பா" என்றாள். கேட்டிருக்க வேண்டாம்.

இந்த இடத்தில்தான் தாங்கள் சொந்தமாக ஒரு முடிவுக்கு வந்தீர்கள். நான் மன்னிப்புக் கேட்க வந்த அன்று, காவலாளி ஏணியில் நின்று மூன்றாம் அறைப் பல்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். தாங்கள் கருப்பு டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, மூன்று போர்டிலும் இடது ஓரத்தில், கோடு வருகிற இடத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தீர்கள். ஒட்டிவிட்டுக் கொஞ்சம் பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, "இதுக்குப் படிப்பு வேணுமா?" என்று கேட்டீர்கள். வீட்டுக்கு வந்து மகளிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது நல்ல செய்திக்கு வருகிறேன். மகள் ஜெயித்துவிட்டாள். சி மொழிக்குப் புதிதாகத் திருத்திய சட்டப் புத்தகத்திலேயே இதற்கென்று ஒரு சொல் இருக்கிறதாம். சைன்பிட் என்று பெயர். எண்ணை அதனிடம் கொடுத்தால் குறி இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். சைபரானாலும் சொல்லும், எல்லையில்லாததானாலும் சொல்லும், எண்ணே இல்லாததானாலும் சொல்லும். தலையா வாலா என்ற கவலை நமக்கு இல்லை. அப்படியானால் முதல் நாளே அதைப் போட்டிருக்கலாமே என்று கேட்டேன். முதல் அறையின் பழைய மெஷினுக்கு அந்தச் சொல் தெரியாதாம், அது பிறந்தபோது அந்தச் சட்டமே வரவில்லை. அதற்கு மட்டும் அதே ப்ரோகிராமுக்குள்ளேயே மகள் ஓர் உபாயம் செய்தாள் பாருங்கள், அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. ப்ளஸ் ஒன்றையும் மைனஸ் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லி, இரண்டும் எந்த இடத்தில் வேறுபடுகின்றன என்று மெஷினையே பார்க்கச் சொன்னாள். மற்ற எல்லா இடமும் ஒன்றாகத்தான் இருக்கும், ஒரே ஓர் இடம் மட்டும் மாறியிருக்கும். குறி உட்கார்ந்திருப்பது அங்கேதான். கீழ் வீட்டு இரட்டைப் பிள்ளைகளைத் தனித்தனியாகப் பார்த்தால் யார் யார் என்று நமக்கு விளங்காது, சேர்த்து நிற்கவைத்தால் ஒருத்தனுக்கு மட்டும் மச்சம் இருப்பது தெரியும். அந்த மாதிரிதான். மெஷின் எந்த ஊர் வழக்கத்தில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும், நாம் யாரையும் கேட்கவேண்டியதில்லை.

மேசையில் மூன்று அட்டையிலும் போட்டுப் பார்த்தோம். நான் உப்பைக் கூட்டிக் குறைத்துச் சைபருக்கு மேலும் கீழுமாக ஏற்றி இறக்கினேன். கோடு வந்தால் பல்பு எரிந்தது, கோடு போனால் அணைந்தது, வயரைப் பிடுங்கினால், எண்ணே இல்லை என்பதற்கு அடையாளமாகக் கண் சிமிட்டியது. மகள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன், பார்த்தால் தூங்கிவிட்டாள். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது மச்சான். இந்த ப்ரோகிராமைத்தான் போன வியாழக்கிழமை டிரைவர் கையில் கொடுத்தனுப்பினோம். காவலாளி மூன்று அறையிலும் ஏற்றிவிட்டு, கழற்றிய பல்பையும் திரும்ப மாட்டிவிட்டதாகச் சொன்னார்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். தாங்கள் ஒட்டிய டேப் அப்படியே இருக்கட்டும். நான் நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன். கோடு கண்ணில் படக்கூடாது என்பது தங்கள் கட்சி, டேப் அதைப் பார்த்துக்கொள்கிறது. கோட்டை மறக்கக்கூடாது என்பது என் மகளின் கட்சி, பல்பு அதைப் பார்த்துக்கொள்கிறது. மைனஸ் வந்தால்தான் பல்பு எரிந்துவிடுமே, போர்டில் வேறு எதற்குக் கோடு? டேப்பைப் பற்றி அவளுக்கு இன்றுவரை தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. படிப்பு வேணுமா என்று அன்று கேட்டீர்களே, கொஞ்சம் படிப்பும் கொஞ்சம் டேப்பும் வேண்டும் என்பதே என் பதில். இப்படி இரு தரப்பும் ஜெயிக்கிற சமாதானம் நம் குடும்பத்தில் இதற்கு முன் நடந்ததாக எனக்கு நினைவில்லை. ஹோட்டல் கண்ணாடிக்காரர் வரும்போது போர்டும் பல்பும் ஒன்றோடொன்று சண்டை போடாது. என் மகளைத் தாங்கள் மறுபடி கிடங்குக்குள் விடவேண்டும், அவள் ப்ரோகிராமைக் கழற்றக் கூடாது. அவள் கேட்கமாட்டாள், அதனால் நான் கேட்கிறேன்.

தங்கள் இல்லத்தில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்கவும், தங்கள் பூக்கள் வாடாமல் வீடு போய்ச் சேரவும், தங்கள் கோபம் சைபருக்கு வந்து, மேலேயிருந்து இறங்கி வந்த சைபராகவே நிலைத்திருக்கவும் மனதார வாழ்த்துகிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. தங்கள் தங்கையும் வணக்கம் சொல்லச் சொன்னாள்.

என்றும் தங்கள் அன்பு மறவாத,
தங்கை கணவன்.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் படிக்கவேண்டாம். டேப் இருக்கட்டும் என்று எழுதியதை அடியோடு வாபஸ் வாங்குகிறேன்.

டிரைவர் மாடிக்கு வந்தார். தங்கள் தங்கை டீ கொடுத்துவிட்டு, அண்ணன் எப்படி இருக்கிறார், அறையெல்லாம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். "எல்லாம் நல்லா இருக்கும்மா. மூணாவது ரூம் பல்புதான் புது ப்ரோகிராம் ஏத்தினதுலேருந்து விடாம எரிஞ்சுது. பழைய வியாதிதான்னு ஐயா திரும்பக் கழட்டச் சொல்லிட்டார். டேப் ஒட்டினப்புறம் போர்டுல ஒரு தொல்லையும் இல்ல. ஆடாம அசையாம ரெண்டு டிகிரி காட்டுது" என்றார்.

மகள் உள்ளேயிருந்து வந்து, "என்ன டேப்?" என்று கேட்டாள். நான் சுவரைப் பார்த்தேன். டிரைவர் சொன்னார், எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று விரலால் காட்டவும் செய்தார். அவள் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு ஒரு விநாடி பிந்தித்தான் உறைத்தது. பல்பு விடாமல் எரிந்தது என்றால் குறி இருந்திருக்கிறது. குறி இருக்கும் இடத்தில் தாங்கள் டேப் ஒட்டியிருக்கிறீர்கள். நழுவுகிறது, நழுவுகிறது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்த அறை நழுவியே போய்விட்டது மச்சான்.

மகள் தன் அம்மாவைப் பார்த்து, "அம்மா, மாமாவுக்குப் போன் போடு" என்றாள். இத்தனை நாள் கழித்து அம்மாவிடம் நேரே பேசிய முதல் வார்த்தை. தங்கள் தங்கை விடாமல் கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள், மணியே அடிக்கவில்லை. குளிர் அறைக்குள் சிக்னல் எடுக்காது என்று டிரைவர் சொல்கிறார். ஹோட்டலுக்குப் போகவேண்டிய ரோஜாக்களைத் தாங்களும் ஆட்களும், இத்தனை நாள் காலியாகக் கிடந்த மூன்றாம் அறையில் அடுக்கிக்கொண்டிருப்பீர்களாம். அம்மாவும் மகளும் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், ஒரே இருக்கையில். நான் வேன் கதவில் காகிதத்தை வைத்து இதை எழுதுகிறேன். டிரைவர் வாயால் சொன்னால் அவரும் எங்கள் கட்சி என்று சொல்லிவிடுவீர்கள், மகள் சொல்லலாம் என்றால் காவலாளி அவளை வாசலைத் தாண்ட விடமாட்டார். ஆகவே இந்தக் காகிதத்தை டிரைவர்தான் தங்களிடம் உள்ளே கொண்டுவந்து நீட்டுவார்.

சைபருக்குக் குறி உண்டா இல்லையா என்பதை நாம் பிறகு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். அந்த இரண்டுக்குக் குறி உண்டா என்று இப்போதே டேப்பை உரித்துப் பாருங்கள். தாங்கள் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பீர்கள் என்று தங்கள் தங்கை சொன்னது மட்டும் உண்மையாக இருக்கட்டும். கதவைத் திறக்கச் சொல்லுங்கள் மச்சான், அவள் வெளியே நிற்கிறாள்.